முள் இல்லாத விரல்

"ஏட்டி லூர்து, ஊசி எங்கன வச்சிருக்க? விரல்ல முள்ளு குத்திட்டு போல."

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வெயில் லேசாகச் சாயத் தொடங்கியிருந்த நேரம். என் வீட்டுக்காரர் அருளப்பன் வலது கையின் ஆள்காட்டி விரலை இடது கையால் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றார். இரண்டு கைகளிலும் முழங்கை வரை எண்ணெய்க் கறுப்பு.

சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் அழைத்துப்போய் விரலைத் திருப்பிப் பார்த்தேன். நுனியில் ஒரு புள்ளி. ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. எங்கள் பக்கத்தில் சீமைக்கருவேல முள் குத்தாத ஆளே கிடையாது. முள் எடுப்பது எனக்குப் பழகிய வேலை. ஊசி முனையால் தோலை மெல்ல விலக்கினேன். முள் தட்டுப்படவில்லை. இன்னும் கொஞ்சம் விலக்கினேன். அப்போதும் இல்லை.

விரலை அழுத்தியதும் அந்தப் புள்ளியிலிருந்து ஒரு துளி வந்தது. ரத்தம் என்று நினைத்தேன். மஞ்சளாக, தெளிவாக இருந்தது. எண்ணெய்.

"வலிக்குதா?"

"வலியில்ல. மரத்த மாதிரி இருக்கு."

"முள்ளக் காணுமே."

"உள்ள போயிருக்கும். நாளைக்குப் பழுத்துத் தானா வெளிய வரும். விடு."

விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு மறுபடியும் முற்றத்துக்குப் போய்விட்டார். நான் குழம்பை இறக்கப் போனேன்.

வரிசைப்படி பார்த்தால் இந்தத் தொடரில் இந்த வாரம் என் மகள் பிறந்த வருஷத்தைப் பற்றி எழுதியிருக்க வேண்டும். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த காலத்தையும் எங்கள் கல்யாணத்தையும் சொல்லி முடித்தாயிற்று. அடுத்ததை எழுத உட்கார்ந்தால் இந்த விரல்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதனால் பல வருஷங்களைத் தாண்டி நேற்றைக்கு முன்தினம் போல இருக்கும் ஒரு காலத்துக்கு வந்துவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உப்பு தின்ற வண்டி

முற்றத்தில் வேப்பமர நிழலில் நின்றது ஒரு பழைய குட்டி லோடர். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு ஆள் மட்டும் உட்காரும் இரும்புக் கூண்டு, முன்னால் மண் அள்ளும் பக்கெட், நாலு குட்டைச் சக்கரங்கள். சக்கரம் கார்ச் சக்கரம் போலத் திரும்பாது. டிரைவரின் இரண்டு கைக்கும் இரண்டு லிவர். இடது லிவர் இடப்பக்கச் சக்கரங்களை ஓட்டும், வலது லிவர் வலப்பக்கச் சக்கரங்களை ஓட்டும். ஒரு பக்கத்தை ஓட்டி மறுபக்கத்தை நிறுத்தினால் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பிவிடும். பக்கெட்டைத் தூக்குவது, கவிழ்ப்பது, சக்கரத்தைச் சுற்றுவது எல்லாமே ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம்தான்.

குளத்தூர்ப் பக்கம் ஒரு உப்பளத்தில் அவர் அந்த வண்டியைத்தான் ஓட்டினார். அது புதிதாக வந்த நாளிலிருந்து ஓட்டினார். திங்கட்கிழமை போனால் சனிக்கிழமை சாயங்காலம்தான் வீடு. சட்டையைத் துவைக்கும்போது தண்ணீர் கரிக்கும். கல்யாணமான புதிதில் அந்தச் சட்டைகளைத் துவைத்துத் துவைத்து என் விரலிடுக்கெல்லாம் வெடித்துவிடும். அவர் தேங்காய் எண்ணெய் வாங்கிவந்து தடவிவிடுவார். அதிகம் பேசாத மனுஷர். இதுபோல எதையாவது செய்வார், அவ்வளவுதான்.

ஒருநாள் அளத்துக்குப் புது வண்டி வந்தது. புது வண்டிக்கு வயது குறைந்த டிரைவரும் வந்தார். பழையதை உடைக்கக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் இவர் முதலாளியிடம் போய்த் தனக்கே கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கையில் இருந்ததை எல்லாம் அதில் போட்டோம். லாரியில் ஏற்றி, இடைசெவல் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்.

"எதுக்கு இது?" என்று கேட்டேன்.

"கோடைக்குக் கம்மாய் வண்டல் அள்ளலாம். எருக்கிடங்கு அள்ளலாம். நாகலாபுரத்துல கரி மூட்டக்காரங்களுக்கு ஓட்டலாம். நம்ம வண்டி, நம்ம வேல. சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம்லா."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் வாரத்துக்கு ஒருநாள்தான் நான் அவருக்குச் சோறு போட்டிருக்கிறேன்.

கரிசலில் விழுந்த எண்ணெய்

வண்டி ஓடியது. ஆனால் ஒழுகியது. எங்கே ஒழுகுகிறது என்பதுதான் தெரியவில்லை.

உப்பளத்தில் தரை வெள்ளை. ஒரு சொட்டு விழுந்தாலும் கண்ணில் படும். எங்கள் முற்றம் கரிசல். எண்ணெய் எத்தனை சொட்டு விழுந்தாலும் மண் குடித்துவிட்டுக் கறுப்பாகவே கிடக்கும். அதனால் வண்டிக்கு அடியில் வெள்ளை உரச் சாக்குகளைப் பிரித்து விரித்தோம். காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் அவர் சாக்கைத்தான் பார்ப்பார். தினமும் கறை இருக்கும்.

கறைக்கு நேர் மேலே பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது. எண்ணெய் ஒரு இடத்தில் கசிந்து, குழாய் வழியாக ஓடி, இரும்புச் சட்டத்தில் இறங்கி, எங்கோ ஒரு மூலையில் போய்ச் சொட்டும். வண்டியின் வயிற்றுத் தகட்டில் பழைய உப்பும் சகதியும் எண்ணெயும் சேர்ந்து அல்வா போல அப்பியிருந்தது. அதைச் சுரண்டி எடுப்பதற்கே வாரக்கணக்கில் ஆனது. பிறகு டீசலால் கழுவி, துடைத்து, காயவிட்டு, சந்தேகப்பட்ட இடத்தில் எல்லாம் முகப்பவுடரைத் தூவினோம். பவுடர் அடித்தது நான்தான். இஞ்சினை ஓடவிட்டு, பக்கெட்டைத் தூக்கி இறக்கி, நிறுத்திவிட்டுப் பார்ப்பார். பவுடர் எந்த இடத்தில் முதலில் ஈரமாகிக் கறுக்கிறதோ அந்த இடம்தான் ஊற்றுக்கண்.

முதலில் அகப்பட்டது பக்கெட்டைத் தூக்கும் சிலிண்டர். கோவில்பட்டியில் ஹைட்ராலிக் ஓஸ்களுக்கு, அதாவது ரப்பர் குழாய்களுக்கு, முனை அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கும் செல்லையா அண்ணாச்சியிடம், எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான சீல் வாங்கிவந்து மாற்றினார். பத்து நாள்கூடத் தாங்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, சிலிண்டரிலிருந்து நீளும் பளபளப்பான கம்பியைக் காட்டினார்.

"நகத்த வச்சு இழுத்துப் பாரு."

இழுத்தேன். அங்கங்கே நகம் தட்டியது. உப்புக் காற்று அரித்த பள்ளங்கள். கண்ணுக்குப் புள்ளியாகக்கூடத் தெரியவில்லை. கம்பி உள்ளே போய் வரும்போதெல்லாம் அந்தப் பள்ளங்கள் புது சீலை அறுத்திருக்கின்றன. கம்பியை மதுரைக்கு அனுப்பி மேல்பூச்சு போட்டு வாங்கினோம்.

அந்தக் கசிவு நின்றது. சாக்கு வெள்ளையாகவே கிடந்தது. அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. நாலைந்து நாளில் எண்ணெய்த் தொட்டியைத் திறந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மட்டம் இறங்கியிருந்தது. சாக்கில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

"பிறகு எங்கன போகுது?" என்று கேட்டேன்.

"அதான் தெரியல."

சாப்பாட்டில் உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய்விடுவார். போனில் யார் யாரோ வண்டி பிரிக்கும் வீடியோக்களைப் பார்ப்பார். கடைசியில், சக்கரங்களுக்குப் போகும் சங்கிலிகள் ஓடுகிற பெட்டியின் மூடித் திருகைக் கழற்றினார். எண்ணெய் குபுகுபுவென்று வெளியே வந்தது. சக்கரத்தைச் சுற்றும் மோட்டாரின் சீல் தேய்ந்து, எண்ணெய் வெளியே வராமல் அந்தப் பெட்டிக்குள்ளேயே நிறைந்திருக்கிறது. மோட்டாரைக் கழற்றி, சீலை மாற்றி, மறுபடி பூட்டினார்.

அதற்கு அடுத்த வாரம் இன்னொரு இடம். அதை அடைத்தால் வேறொன்று.

ஒரு இடத்தை இறுக்கினால் அழுத்தம் ஏறி, அடுத்து எது பலமில்லாமல் இருக்கிறதோ அது விட்டுக்கொடுக்கிறது என்று செல்லையா அண்ணாச்சி சொன்னார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். உப்பு எத்தனை இடத்தைத் தின்றிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கோடை வந்து போனது. கம்மாய்களில் வண்டல் அள்ள வேறு ஊர் வண்டிகள் வந்து, அள்ளி முடித்து, போயும்விட்டன. அந்த வண்டிகள் எங்கள் தெருவைத் தாண்டும்போது இவர் தலை நிமிர மாட்டார்.

"வித்துருவோமா?" என்று ஒருதடவை கேட்டேன்.

"ஒழுகுத வண்டிய எவன் வாங்குவான்?"

அந்தச் சாயங்காலம்

கடைசியாக ஒன்று மிஞ்சியிருந்தது. இஞ்சின் சூடேறி, பக்கெட்டில் பாரம் ஏற்றினால் மட்டும் கூண்டுக்குப் பின்னால் புகை போல ஏதோ தெரியும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் எல்லாக் குழாயும் நனைந்திருக்கும். எது நனைத்தது, எது நனைந்தது என்று பிரிக்க முடியாது. பவுடர் போட்டால் ஒரே நொடியில் மொத்தமும் கறுத்துவிடும்.

ஊசி கேட்டு வந்த அன்று அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார். கூண்டைப் பின்னால் சாய்த்து முட்டுக் கொடுத்திருந்தார். கையை வைத்துத் தேடக்கூடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இஞ்சினை ஓடவிட்டு, ஒழுகல் பட்டு நனையட்டும் என்று அட்டையை நீட்டித்தான் தேடினார். அட்டை போகாத இடத்தில் ஒரு ஓஸ் குறுக்கே கிடந்திருக்கிறது. அதை விரலால் ஒதுக்கினார். அவ்வளவுதான் நடந்தது.

அன்று ராத்திரி சாப்பிடவில்லை. விடியும்போது விரல் மரக்கட்டை மாதிரி விறைத்து, சாம்பல் நிறமாக இருந்தது. உள்ளங்கை வீங்கி மினுமினுத்தது. வாய்விட்டு முனகாத மனுஷர், சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு முனகினார். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனே நிற்கவிடாமல் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள்.

அங்கே டாக்டரம்மாவிடம் முள் குத்தியது என்று நான் சொன்னேன். அவர் கையைப் பிடித்து அழுத்திப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். சொன்னதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இது முள் இல்லம்மா. எண்ணெய். மயிரிழை ஓட்டையில இருந்து அத்தனை அழுத்தத்துல வரும்போது ஊசி போட்ட மாதிரி உள்ள ஏறியிருக்கு. வெளிய புள்ளிதான் தெரியும். உள்ள சதையெல்லாம் அழுகிட்டே போகும். உடனே திறந்து கழுவணும்."

"தெரியும்மா," என்றார் அருளப்பன். "அளத்துல வேற ஒருத்தனுக்கு இப்படி ஆச்சுன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

நான் அவரைப் பார்த்தேன். டாக்டரம்மா வெளியே போன பிறகுதான் கேட்டேன். "தெரிஞ்சிருந்தும் ஏன் முள்ளுன்னு சொன்னீங்க?"

இடது கையால் அந்த விரலை மூடிக்கொண்டார்.

"முள்ளா இருந்துராதான்னு நெனச்சேன்," என்றார்.

மணிக்கட்டு வரை திறந்தார்கள். கழுவினார்கள். திறந்தபடியே விட்டு மறுபடி கழுவினார்கள். கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் ஹைட்ராலிக் எண்ணெயின் வாடை அடித்தது. எனக்கு மட்டும்தான் அடித்ததோ என்னவோ. முதலில் ஆள்காட்டி விரலை எடுத்தார்கள். பிறகு நடுவிரலும் போனது. மிச்சம் இருக்கும் விரல்கள் பாதிக்கு மேல் மடங்காது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் வந்து கொஞ்ச நாள் இருந்தாள். அப்பா அவளிடம் நன்றாகவே பேசினார். அவள் பஸ் ஏறியதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மூங்கில் கம்பு

முற்றத்தில் கூண்டு சாய்ந்தபடியே வண்டி நின்றது. வேப்பம்பூ அதற்குள் கொட்டிக் குவிந்தது. அதைக் கடந்துதான் தண்ணீர்க் குழாய்க்குப் போக வேண்டும். தினமும் கடந்தேன். ஒருநாள் கோவில்பட்டிக்குப் போய் செல்லையா அண்ணாச்சியிடம் நின்றேன்.

"அண்ணாச்சி, அந்த ஒழுகலக் கண்டுபிடிக்கணும்."

"எதுக்கும்மா? உடைக்கப் போட்டுரலாம்லா."

"கண்டுபிடிக்கணும்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடையைச் சாத்திக்கொண்டு வந்தார். நீள மூங்கில் கம்பின் நுனியில் ஒரு அட்டையைக் கட்டிக் கொடுத்தார். அவர் இஞ்சினை ஓட்டி, பக்கெட்டில் பாரம் ஏற்றி நிறுத்தினார். நான் எட்ட நின்று கம்பை ஒவ்வொரு குழாயாக நகர்த்தினேன். உள்ளே கட்டிலில் என் வீட்டுக்காரர் படுத்திருந்தார். இஞ்சின் சத்தம் கட்டாயம் கேட்டிருக்கும். வெளியே வரவில்லை.

அட்டையின் குறுக்கே பிளேடால் கிழித்த மாதிரி ஒரு ஈரக்கோடு விழுந்தது.

ஓஸ் இல்லை. இரும்புக் குழாய். அதைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புக்கு அடியில் உப்புத் தங்கி, குழாயை அரித்திருக்கிறது. இஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, கிளிப்பைக் கழற்றிக் காட்டினார் அண்ணாச்சி. துருவுக்கு நடுவில் ஓட்டை எங்கே என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை.

புதுக் குழாய் வளைத்துப் போட்டார். வண்டியை நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தார். எல்லாம் காய்ந்து கிடந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் நாங்கள் இரண்டு பேரும் எதற்காகக் கிடந்து மாய்ந்தோமோ அது நடந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

வட்டம்

மறுநாள் காலையில் அவராகவே எழுந்து வந்தார். வண்டியைச் சுற்றி நடந்து பார்த்தார். புதுக் குழாயை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு இடது கையால் பிடித்து ஏறி உட்கார்ந்தார். நான் தடுக்கவில்லை.

வண்டி கிளம்பியது. நேராகப் போக வேண்டியது வலப்பக்கம் ஒடிந்தது. வலது லிவரைத் தள்ள அந்தக் கையில் பலமில்லை. உள்ளங்கையால் தள்ளினார், மணிக்கட்டால் தள்ளினார். லிவர் திரும்பி வந்தது. இடப்பக்கச் சக்கரங்கள் மட்டும் ஓட, வண்டி முற்றத்தில் வட்டமடித்தது. மறுபடியும் வட்டமடித்தது. கரிசல் புழுதி எழும்பி அவர் முகம் மறைந்தது. இஞ்சின் நின்றபோது வண்டி கிளம்பிய இடத்திலேயே நின்றது.

பக்கத்தில் போனேன். கூண்டுக்குள் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வண்டி நல்லா இருக்கு," என்றார். "யாருக்காது குடுத்துரு."

நாகலாபுரத்தில் கரி மூட்டை வியாபாரம் செய்யும் ஒருவர் வாங்கிக்கொண்டார். லாரியில் ஏறும்போது இவர் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்சு அநேகமாக நின்றுபோனது. கேட்டால் பதில் வரும். ஊர்க்காரர்கள் வந்து பார்த்தால் வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட வருவதில்லை. நான் மறுபடியும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகத் தொடங்கினேன். சாயங்காலம் வரும்போது காலையில் விட்டுப்போன இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் அவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான்.

ஒரு போன்

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் அவர் போன் அடித்தது. நாங்கள் விற்ற வண்டியை இப்போது ஓட்டும் டிரைவர் மாடசாமி. ஏதோ சந்தேகம் கேட்க எப்போதாவது கூப்பிடும் ஆள். ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"அண்ணாச்சி, கூண்டுக்குப் பின்னால லேசா நனைஞ்சிருக்கு. எங்கருந்துன்னு தெரியல. இஞ்சின ஓடவிட்டுக் கைய வச்சுப் பாக்குதேன், இருங்க."

"வைக்காத."

அவருக்கு அப்படி ஒரு குரல் உண்டென்று எனக்குத் தெரியாது. எழுந்து நின்றிருந்தார்.

"கைய எடு. இஞ்சின அமத்து. எறங்கித் தள்ளி நில்லு. நான் வாரேன். நான் வார வரைக்கும் எவனும் பக்கத்துல போகக்கூடாது. கேக்குதாலே?"

நான் சட்டையை எடுத்துவருவதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். பின்னாலேயே ஓடிக் கொடுத்தேன். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸை நோக்கி நடந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் தனியாக வெளியூர் போனது அன்றுதான். இரண்டு பஸ் மாற வேண்டும். நான் அன்று வேலைக்குப் போகவில்லை. வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருந்தேன். போன் செய்தால் எடுக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டார். காலெல்லாம் கரிசல் சகதி. சட்டைப் பொத்தான்களை அவரே மாட்டியிருந்தார். ஒன்று மாறியிருந்தது.

"என்ன ஆச்சு? அந்தப் பையன் நல்லா இருக்கானா?"

"டீசல்," என்றார்.

"என்ன?"

"டேங்குல ஊத்தும்போது சிந்தியிருக்கு. அதான் நனைஞ்சிருந்துது. வேற ஒண்ணுமில்ல. டீசல்தான்."

தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். வாங்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தார். விரலை எடுத்த அன்றைக்கோ வண்டி போன அன்றைக்கோ அழாத மனுஷர், தெருவில் போகிறவர்கள் பார்க்க, அந்தக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தேன்.

"ஒண்ணுமில்லட்டி," என்று சொல்லிக்கொண்டே அழுதார். "வெறும் டீசல்தான்."